ஐபி போட்டால் திறக்கிறது, பெயர் போட்டால் சில நேரம் மட்டும் திறக்கிறது: வீட்டு நெட்வொர்க்கில் எங்கே கோளாறு?

மாடிப்படி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எதைச் சொல்ல வேண்டும் எதை விடலாம் என்று எனக்கே பிடிபடவில்லை.

வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு ஃபைல் சர்வராக வைத்திருக்கிறேன். குடும்ப போட்டோக்கள், கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டுகள், அப்பாவின் பத்திர ஸ்கேன்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதன் பெயர் பேழை. மெஷினில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது, இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். ஐபி முகவரி 192.168.1.20.

கீழே ஹாலில் இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி, 192.168.1.1. பக்கத்தில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், 192.168.1.5, அதில் பை-ஹோல் என்ற புரோகிராம் ஓடுகிறது. விளம்பரத்தைத் தடுக்கத்தான் போட்டது, அப்புறம் அதிலேயே வீட்டுப் பெயர்களையும் எழுதி வைக்கலாம் என்று தெரிந்ததும் பேழை.லேன் என்று ஒரு பதிவு சேர்த்தேன். சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி ஃபைபர் பெட்டியில்தான் இருக்கிறது. அதில் முதல் டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) 192.168.1.5, இரண்டாவது கூகுளின் 8.8.8.8. பை நின்றுபோனால் வீடு முழுக்க நெட் போய்விடக்கூடாதே என்று இரண்டாவதைக் கொடுத்திருக்கிறது. மாடியில் தம்பி அறையில் தனியாக ஒரு வைஃபை ரவுட்டர், கீழிருந்து போகும் கேபிள் அதன் வேன் போர்ட்டில் (வெளி இணையத்துக்கான துளையில்) செருகியிருக்கிறது.

இப்போது பிரச்சினை. விண்டோஸ் 11 லேப்டாப்பில் பேழை என்று அடித்தால் சில நேரம் திறக்கிறது, சில நேரம் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. பேழை.லேன் என்று முழுசாக அடித்தாலும் அதே கதை. ஐபி போட்டால் எப்போதும் திறக்கிறது. உபுண்டு மெஷினில் பேழை.லோக்கல் என்றால் வருகிறது, வெறும் பேழை என்றால் வராது. என் ஆண்ட்ராய்டு போனில் எந்தப் பெயருமே வேலை செய்யாது. மாடியிலிருந்து பார்த்தால் பேழை.லோக்கல்கூடக் கிடையாது, ஆனால் ஐபி போட்டால் அங்கேயும் திறக்கிறது. போதாததற்குச் சில நாள் உபுண்டுவில் பேழை.லோக்கல் காணாமல் போய் பேழை-2.லோக்கல் என்று ஒன்று முளைக்கிறது. நான் அப்படிப் பெயர் வைக்கவே இல்லை! விண்டோஸில் நெட்வொர்க் என்ற இடத்தைத் திறந்தால் பேழை கண்ணிலேயே படுவதில்லை.

ரவுட்டரை அணைத்துப் போடு, கேஷை (முன்பு கிடைத்த பதில்களின் சேமிப்பை) அழி என்பதையெல்லாம் செய்து பார்த்தாயிற்று. அரை நாள் சரியாக இருக்கும், மறுபடி பழையபடி. எங்கிருந்து தொடங்குவது?


தந்திமரம் எழுதியது:

ஐபி எப்போதும் திறக்கிறது என்றால் கேபிள், வைஃபை, சர்வர், ஃபயர்வால் எதிலும் கை வைக்காதீர்கள். அவை நன்றாகத்தான் இருக்கின்றன. கோளாறு பெயரை முகவரியாக மாற்றும் இடத்தில்.

நீங்கள் பேழை, பேழை.லேன், பேழை.லோக்கல் என்று மூன்று விதமாக அடிக்கிறீர்கள். மூன்றும் ஒரே கேள்வி இல்லை, போய்ச் சேரும் இடமும் ஒன்று இல்லை. பேழை.லேன் என்பது டிஎன்எஸ் சர்வரிடம் போகிற கேள்வி. லோக்கல் என்று முடிகிற பெயர் எம்டிஎன்எஸ்ஸுக்கு உரியது, 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தர ஆவணம் அந்த விகுதியை அதற்கென்றே ஒதுக்கிவிட்டது. அதில் சர்வர் என்று யாரும் கிடையாது. கேட்கிற மெஷின் 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் (பலருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்) முகவரிக்கு, 5353 போர்ட்டில், 'இங்கே பேழை யார்?' என்று கேள்வியை விடும், பேழையே 'நான்தான், என் முகவரி இது' என்று பதில் சொல்லும். உங்கள் டெபியனில் அந்தப் பதிலைச் சொல்வது அவாகி என்ற புரோகிராம். வெறும் பேழை என்று புள்ளியே இல்லாமல் அடித்தால்தான் கூத்து. விண்டோஸ் முதலில் தன்னிடம் உள்ள டிஎன்எஸ் விகுதியை ஒட்டிக் கேட்டுப் பார்க்கும், அதோடு எல்எல்எம்என்ஆர், எம்டிஎன்எஸ், பழைய நெட்பயாஸ் என்று தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் கேட்கும். எந்த வழியில் பதில் வந்தாலும் உங்கள் திரையில் 'திறந்துவிட்டது' என்று மட்டும்தான் தெரியும், யார் சொன்னது என்று தெரியாது. சில நேரம் வருகிறது சில நேரம் வரவில்லை என்பதில் பாதி இந்தக் குழப்பமாகத்தான் இருக்க வேண்டும்.

அதனால் இப்போதைக்கு எந்த செட்டிங்கையும் மாற்றாதீர்கள், யார் பதில் சொல்கிறார்கள் என்று மட்டும் பார்ப்போம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் /ஆல் கொடுத்து, டிஎன்எஸ் சர்வர்ஸ் என்ற வரியில் உள்ள எல்லா முகவரிகளையும் வரிசை மாறாமல் இங்கே எழுதுங்கள். எல்லாவற்றையும், நீளமாக விசித்திரமாக இருப்பதையும் சேர்த்து. அப்புறம் என்எஸ்லுக்அப் பேழை.லேன் என்று ஒரு தடவை, என்எஸ்லுக்அப் பேழை.லேன் 192.168.1.5 என்று ஒரு தடவை. இரண்டாவதில் கடைசியில் சர்வர் முகவரியைக் கொடுப்பதால் வேறு யாரிடமும் போகாமல் பையிடம் நேராகக் கேட்கும். கடைசியாக பிங் பேழை.லேன்.

என்எஸ்லுக்அப், பிங் இரண்டையும் கேட்பதற்குக் காரணம் உண்டு. என்எஸ்லுக்அப் டிஎன்எஸ் சர்வரை மட்டும்தான் கேட்கும், மெஷினிலேயே பெயரும் முகவரியும் எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையோ எம்டிஎன்எஸ்ஸையோ திரும்பியும் பார்க்காது, விண்டோஸின் கேஷையும் பார்க்காது. பிங் மற்ற புரோகிராம்கள் போகிற வழியில் போகும். அதனால் ஒன்றில் வந்து மற்றதில் வரவில்லை என்றால் அதுவே பாதி விடை. உபுண்டுவில் இதே ஜோடி டிக், கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்ற கமாண்டுகள். அதோடு ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் கொடுத்தால் எந்த இணைப்பு எந்த டிஎன்எஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லும்.

இன்னொன்று, லேப்டாப்பில் ஆபீஸ் விபிஎன் ஏதாவது இருந்தால் அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். அது டிஎன்எஸ்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.


மாடிப்படி எழுதியது:

நன்றி அண்ணா. விபிஎன் எதுவும் இல்லை. ஐபிகான்ஃபிக்கில் டிஎன்எஸ் சர்வர்ஸ் வரியில் மூன்று முகவரிகள். முதலில் எஃப்இ80 என்று தொடங்கி 1 என்று முடிகிற ஒரு ஐபிவி6 (புது வகை) முகவரி, அதற்கு அடியில் 192.168.1.5, கடைசியில் 8.8.8.8. அந்த முதல் முகவரியை நான் எங்கேயும் கொடுக்கவில்லை.

என்எஸ்லுக்அப் பேழை.லேன் கொடுத்தால் சர்வர் என்ற இடத்தில் அந்த எஃப்இ80 முகவரியைக் காட்டி, அப்படி ஒரு டொமைன் இல்லை என்கிறது. பின்னால் 192.168.1.5 சேர்த்துக் கொடுத்தால் 192.168.1.20 என்று சரியாக வருகிறது. பிங் பேழை.லேன் இப்போது வரவில்லை. ஆனால் பிங் பேழை கொடுத்தால் வருகிறது! லேன் என்று சேர்த்தால் இல்லை, சேர்க்காவிட்டால் இருக்கிறது. இது என்ன நியாயம்?

உபுண்டுவில் ரிசால்வ்சிடிஎல் இப்போதைய டிஎன்எஸ் சர்வர் 8.8.8.8 என்று காட்டுகிறது. காலையில் பார்த்தபோது 192.168.1.5 என்றுதான் இருந்தது, நான் எதையும் தொடவில்லை. நடுவில் ஒரு தடவை கரண்ட் போய் வந்தது, அவ்வளவுதான். பை இன்வெர்ட்டரில் இல்லை.


தந்திமரம் எழுதியது:

பிடிபட்டுவிட்டது. உங்கள் வீட்டில் பேழை.லேன் என்றால் யார் என்று தெரிந்தவர் பை ஒருவர்தான், ஆனால் உங்கள் மெஷின்கள் கேள்வியை மூன்று பேரிடம் கேட்கின்றன.

முதலில் அந்த எஃப்இ80. அது உங்கள் ஃபைபர் பெட்டியேதான். நீங்கள் டிஎச்சிபியில் எழுதியது ஐபிவி4-க்கான டிஎன்எஸ் மட்டும். ஐபிவி6 பக்கம் அந்தப் பெட்டி தனியாக ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட் என்று ஒன்றை வீடு முழுக்க அனுப்பிக்கொண்டே இருக்கும், அதற்குள் 'டிஎன்எஸ்ஸுக்கு என்னிடம் வாருங்கள்' என்று தன் முகவரியையும் சேர்த்து அனுப்பும். விண்டோஸ் 10-க்கு 2017-இல் வந்த 1703 பதிப்பிலிருந்து விண்டோஸ் அதைக் கேட்டு எடுத்துக்கொள்கிறது, லினக்ஸும் ஆண்ட்ராய்டும்கூடத்தான். உங்கள் லேப்டாப்பில் அதுவே வரிசையில் முதலில் நிற்கிறது. பெட்டி கேள்வியை இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸிடம் தள்ளும், அங்கே பேழை.லேன் என்று ஒன்றும் இல்லை, இல்லை என்று பதில் வரும். இதனால் விளம்பரத் தடுப்பும் பாதி நேரம் வேலை செய்திருக்காதே, கவனித்தீர்களா?

அடுத்தது அந்த 8.8.8.8. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், ரவுட்டர் கம்பெனிக்காரர்கள் செட்டிங்கில் அந்த இரண்டாவது இடத்துக்கு 'செகண்டரி' என்று பெயர் வைத்ததால் வந்த வினை. முதல் சர்வருக்குத் தெரியாத பெயரை இரண்டாவதிடம் கேட்டுப் பார்க்கும், அல்லது முதல் சர்வர் திரும்பி வந்ததும் அதனிடமே போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் நடக்காது. டிஎன்எஸ்ஸில் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்பதும் முழுமையான ஒரு பதில்தான். அது யாரிடமிருந்து வந்தாலும் மெஷின் தேடுவதை நிறுத்திவிடும், அந்த 'இல்லை'யைச் சிறிது நேரம் கேஷிலும் வைத்துக்கொள்ளும். அடுத்த சர்வரிடம் போவது முதல் சர்வர் வாயே திறக்காமல் இருந்தால்தான். விண்டோஸ் ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடும். உபுண்டுவில் பெயர் தேடும் வேலையைச் செய்யும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு அதற்கும் மேலே. ஒருவர் பதில் தரவில்லை என்று அடுத்தவரிடம் தாவினால், அவர் தவறும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்துவிடும். நடுவில் கரண்ட் போனபோது பை படுத்தது, உபுண்டு 8.8.8.8-க்குத் தாவியது, பை எழுந்து வந்தும் திரும்பவில்லை. நீங்கள் ரவுட்டரை அணைத்துப் போட்டால் அரை நாள் சரியாக இருந்ததும் இதனால்தான், இணைப்பு புதிதாக வரும்போது வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஆக, உங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பெயர்களைச் சொல்லத் தெரியாத எந்த டிஎன்எஸ்ஸும் அந்த வரிசையில் இருக்கக்கூடாது. 8.8.8.8-ஐ எடுத்துவிடுங்கள். பை நின்றால் நெட் போகுமே என்று பயம் இருந்தால், பையை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள், அது இழுக்கும் கரண்ட் ஒரு சின்ன எல்இடி பல்பு அளவுதான். இல்லாவிட்டால் பேழையிலேயே இரண்டாவதாக ஒரு பை-ஹோலோ டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன டிஎன்எஸ் சர்வரோ போட்டு, இதே பதிவுகளை அதிலும் எழுதி 192.168.1.20-ஐ இரண்டாவது டிஎன்எஸ் ஆக்குங்கள். லேப்டாப் என்பதால் அதற்கு பேட்டரியும் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே பதில் தெரியும் என்றால் யாரிடம் போனாலும் கவலை இல்லை.

எஃப்இ80-க்கு: ஃபைபர் பெட்டியின் லேன் பகுதியில் ஐபிவி6 பக்கம் ஒன்று இருக்கும், அதில் டிஎன்எஸ் எங்கிருந்து என்று தேர்வு இருந்தால் ஸ்டாட்டிக் அல்லது மேனுவல் என்று வைத்து பையின் எஃப்இ80 முகவரியைக் கொடுங்கள். பையில் ஐபி அட்ரஸ் கமாண்டில் பார்த்தால் தெரியும். 2 என்று தொடங்கும் நீள முகவரியைக் கொடுக்காதீர்கள், இணைப்பு அறுந்து வரும்போது நிறுவனம் அதன் முன்பாதியை மாற்றிவிடும்.

வெறும் பேழை வந்து பேழை.லேன் வராததற்கு விளக்கம் இப்போது எளிது. வெறும் பேழைக்கு டிஎன்எஸ் கைவிட்டாலும் நெட்பயாஸோ எம்டிஎன்எஸ்ஸோ பதில் சொல்லிவிடுகிறது, விண்டோஸுக்கு ஃபைல்களைப் பகிரும் உங்கள் சாம்பாவோடு வரும் என்எம்பிடி அந்த நெட்பயாஸ் வேலையைத்தான் செய்கிறது. புள்ளி வைத்த பெயருக்கு இந்த உபகாரம் கிடையாது. ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். வைஃபையில் இந்த மாதிரி ஊர்முழுக்கக் கூவும் பாக்கெட்டுகள் தொலைந்தால் மறுபடி அனுப்ப ஏற்பாடு இல்லை, சிக்னல் மோசமானால் முதலில் சாவது இவைதான்.


சுக்குக்காப்பி எழுதியது:

இவ்வளவு வைத்தியம் எதற்கு? இரண்டு கம்ப்யூட்டர், ஒரு சர்வர். ஹோஸ்ட்ஸ் கோப்பில் 192.168.1.20 பேழை என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம். விண்டோஸில் சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்ற ஃபோல்டரில் இருக்கும், நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து திருத்த வேண்டும், சேமிக்கும்போது கடைசியில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உபுண்டுவில் இடிசி ஹோஸ்ட்ஸ். எந்த டிஎன்எஸ் செத்தாலும் இது சாகாது. பெட்டியில் 192.168.1.20-ஐ பேழையின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டுக்கென்று உள்ள எண்ணுக்கு) ரிசர்வ் செய்துவிட்டால் முடிந்தது.

அப்புறம், ஐபிவி6 தொல்லை என்றால் விண்டோஸ் அடாப்டரில் ஐபிவி6 டிக்கை எடுத்துவிடுங்கள். நான் எல்லா மெஷினிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.


நெட்கம்பி எழுதியது:

காப்பி சார், ஹோஸ்ட்ஸ் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், இரண்டு மெஷின் என்றால் அதுவே போதும். ஆனால் போனில் அந்தக் கோப்பைத் தொட முடியாது, டிவியிலும் முடியாது. இவர் வீட்டில் மாடி வேறு இருக்கிறது. அந்தக் காலத்தில் இணையம் முழுக்கவே ஒரே ஹோஸ்ட்ஸ் கோப்பில்தான் ஓடியது, எல்லோரும் அதை இறக்கிக்கொண்டிருந்தார்கள், அது கட்டுப்படியாகாமல்தான் 1983-இல் டிஎன்எஸ் என்று ஒன்றை எழுத வேண்டி வந்தது. வீட்டில் ஐந்தாறு சாதனம் சேர்ந்தால் நமக்கும் அதே கதைதான்.

ஐபிவி6-ஐ அணைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மைக்ரோசாஃப்டே அதை அணைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது, முன்னுரிமையை வேண்டுமானால் ஐபிவி4-க்கு மாற்று என்கிறது. நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ஐபிவி4 பொது முகவரி தனியாகக் கிடைப்பதில்லை, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்றுதான். வெளியிலிருந்து வீட்டுக்குள் வர நாளைக்கு ஏதாவது செய்யப் போனால் ஐபிவி6 ஒன்றுதான் நேர்வழி. டிஎன்எஸ் தவறான ஆளைக் காட்டுகிறது என்றால் டிஎன்எஸ்ஸைத் திருத்துவோம்.

மாடிப்படிக்கு ஒரு சின்ன யோசனை. லேன் என்ற விகுதி யாரும் முறைப்படி ஒதுக்கித் தந்தது இல்லை. வீட்டுக்கென்றே 2018-இல் ஆர்எஃப்சி 8375-இல் ஹோம்.ஆர்ப்பா என்று ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்கள். 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு, இன்டர்னல் என்பதையும் உள் நெட்வொர்க்குகளுக்கு விட்டுவிட்டது. எப்படியும் பதிவுகளைத் திருத்தப் போகிறீர்கள், பேழை.ஹோம்.ஆர்ப்பா என்று மாற்றிவிடலாம். அடிக்க நீளம்தான், லேனிலேயே இருந்தாலும் குடி முழுகிவிடாது. ஆனால் பை-ஹோலில் லோக்கல் என்று மட்டும் பதிவு போடாதீர்கள், அந்த விகுதியைப் பார்த்ததுமே உபுண்டு டிஎன்எஸ் பக்கமே போகாது.

அந்த பேழை-2 பற்றி யாரும் சொல்லவில்லையே. சர்வர் பழைய லேப்டாப் என்கிறீர்கள், அதில் கேபிளும் போட்டு வைஃபையும் ஓடிக்கொண்டிருக்கிறதா?


மாடிப்படி எழுதியது:

ஆமாம், இரண்டும் ஓடிக்கொண்டிருக்கிறது! கேபிள் கழன்றால் உதவும் என்று விட்டு வைத்தது.


நெட்கம்பி எழுதியது:

அதுதான். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு கால் ஊன்றி நிற்கிறது. அவாகி கேபிள் வழியாக 'நான் பேழை' என்று சொல்வது ரவுட்டரைச் சுற்றி வைஃபை வழியாகத் தன் காதுக்கே வந்து சேரும். அதை வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டு சண்டை வேண்டாம் என்று தானே பேழை-2 ஆகிவிடும். பெயர் மோதினால் எண்ணைச் சேர்த்து விலகிக்கொள்வதுதான் எம்டிஎன்எஸ்ஸில் வழக்கம், இங்கே மோதியது தன்னோடேயே. வைஃபையை அணைத்துவிட்டு அவாகியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வைஃபை வேண்டும் என்றே பிடிவாதமாக இருந்தால் அவாகியின் கான்ஃபிக் கோப்பில் எந்த இன்டர்ஃபேஸில் மட்டும் பேச வேண்டும் என்று எழுதலாம்.

நெட்வொர்க் ஃபோல்டரில் தெரியாதது முற்றிலும் வேறு சமாச்சாரம், இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயரைத் தேடுவது ஒன்று, அக்கம்பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் போடுவது இன்னொன்று. பழைய பட்டியல் எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையை நம்பி இருந்தது, விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 வருவதில்லை. இப்போது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்று வேறு முறை, சாம்பாவுக்கு அது தெரியாது. டெபியனில் டபிள்யூஎஸ்டிடி என்ற சின்ன பொதியை நிறுவினால் பேழை பட்டியலில் வந்துவிடும். யாராவது எஸ்எம்பி1-ஐத் திரும்பப் போடச் சொன்னால் கேட்காதீர்கள். 2017-இல் வான்னாக்ரை என்ற கணினிப் புழு நுழைந்தது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.


தந்திமரம் எழுதியது:

மாடி மிச்சம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாடி ரவுட்டரின் வேன் போர்ட்டில் கேபிள் இருப்பதால் அது தனக்கென்று 192.168.0 என்றோ வேறு ஏதோ ஒரு வரிசையிலோ தனி நெட்வொர்க் நடத்துகிறது. ஐபி போட்டால் கீழே இறங்கி வரும், அது வெறும் ரவுட்டிங். ஆனால் எம்டிஎன்எஸ், எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ் எதுவும் ரவுட்டரைத் தாண்டாது, தாண்டக்கூடாது என்பதுதான் வடிவமைப்பு. அதனால்தான் பேழை.லோக்கல் அங்கே இல்லை. அந்த ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (தனி நெட்வொர்க் நடத்தாமல் வைஃபை மட்டும் தருவது) இருந்தால் அதை வையுங்கள். இல்லாத பழைய மாடல் என்றால் முதலில் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதன் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை வேன் போர்ட்டிலிருந்து உருவி லேன் போர்ட்டில் செருகுங்கள். 192.168.1.2 பெட்டியின் டிஎச்சிபி வரம்புக்கு வெளியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதன் பிறகு மாடியும் கீழும் ஒரே வீடு.

போனில் நெட்வொர்க் செட்டிங்கில் தனிப்பட்ட டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கும், ஆண்ட்ராய்டு 9-இலிருந்து வந்தது. அதில் யாராவது ஒரு டிஎன்எஸ் நிறுவனத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தால் எல்லாக் கேள்வியும் மறையாக்கம் செய்து அங்கேதான் போகும், பை இருப்பதே போனுக்குத் தெரியாது. தானியங்கு என்று வையுங்கள், அப்போதும் வரவில்லை என்றால் அணைத்துப் பாருங்கள். பிரவுசர்களிலும் பாதுகாப்பான டிஎன்எஸ் என்ற பெயரில் இதே வேலை தனியாக நடக்கும், அதையும் பாருங்கள். அப்புறம் குரோமில் வெறும் பேழை என்று அடித்தால் அது தேடலுக்குப் போய்விடும். கடைசியில் ஒரு சாய்கோடு போட்டால்தான் அதை முகவரி என்று எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் மாற்றிய பிறகு எல்லா மெஷினையும் ஒரு தடவை வைஃபையிலிருந்து துண்டித்துச் சேருங்கள். டிஎச்சிபியில் நீங்கள் மாற்றியது பழைய லீஸ் (முகவரிக்குக் கொடுத்த தவணை) புதுப்பிக்கும் வரை யாருக்கும் போய்ச் சேராது. விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் அதற்குப் பிறகு.


மாடிப்படி எழுதியது:

இன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்துவிட்டேன். 8.8.8.8-ஐ எடுத்தாயிற்று, பேழையில் டிஎன்எஸ்மாஸ்க் போட்டு அதை இரண்டாவதாகக் கொடுத்தாயிற்று. ஃபைபர் பெட்டியின் ஐபிவி6 பக்கத்தில் டிஎன்எஸ்ஸை மாற்ற இடம் இருந்தது, பையின் எஃப்இ80 முகவரியைப் போட்டேன். இப்போது என்எஸ்லுக்அப் எந்தச் சர்வரைக் காட்டினாலும் பதில் ஒன்றுதான். பேழையின் வைஃபையை அணைத்ததிலிருந்து பேழை-2 தலைகாட்டவில்லை. மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்கினேன், தம்பி அங்கிருந்தே பிரின்டருக்குப் பிரின்ட் கொடுக்கிறான், இவ்வளவு நாளாகப் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துகொண்டிருந்தவன். போனில் நான் எப்போதோ ஒரு விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ் பெயரைக் கொடுத்திருந்தேன், அதை எடுத்ததும் அங்கேயும் பெயர் வருகிறது.

இரண்டு கேள்வி. ஒன்று, வெறும் பேழை என்று அடித்தால் உபுண்டுவில் இன்னும் வரவில்லை. இன்னொன்று, பையை இன்வெர்ட்டருக்கு மாற்றும் முன் மறுபடி கரண்ட் போய் வந்தது. பை எழுந்தும் பத்து நிமிஷத்துக்கு மேல் வெளி இணையப் பெயர் ஒன்றுகூட வரவில்லை, ஆனால் பேழை.லேன் மட்டும் வந்தது. பை-ஹோலில் டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில்களைக் கையொப்பம் வைத்துச் சரிபார்ப்பது) போட்டிருக்கிறேன், அது காரணமாக இருக்குமா?


நெட்கம்பி எழுதியது:

இருக்கும், அதுவாகத்தான் இருக்கும். ராஸ்பெரி பை 4 வரைக்கும் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. 5-இல் இருக்கிறது, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கரண்ட் போய் எழுந்தால் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்துதான் பை எண்ணத் தொடங்கும். டிஎன்எஸ்செக் கையொப்பங்களுக்குத் தொடங்கும் நேரம், முடியும் நேரம் என்று வரம்பு உண்டு. பையின் கடிகாரம் அதிகமாகப் பின்தங்கியிருந்தால் நல்ல கையொப்பத்தையும் செல்லாது என்று தள்ளிவிடும். நேரத்தைத் திருத்திக்கொள்ள டைம் சர்வரிடம் போகலாம் என்றால் அந்த டைம் சர்வரின் பெயருக்கு முகவரி வேண்டும், அதற்கும் டிஎன்எஸ் வேண்டும். உங்கள் பேழை.லேன் வந்ததற்குக் காரணம் அது பையிலேயே எழுதியிருக்கும் பதிவு, யாரிடமும் சரிபார்க்க வேண்டியதில்லை. டைம் சர்வரைப் பெயராகக் கொடுக்காமல் ஐபி முகவரியாகக் கொடுத்துவிட்டால் அந்த முடிச்சு அவிழும். உங்கள் ஃபைபர் பெட்டி நேரம் கொடுக்கும் வகையாக இருந்தால் 192.168.1.1 என்றே போடலாம். பேழைக்குக் கடிகார பேட்டரி உண்டு, அதில் குரோனி என்ற டைம் சர்வர் புரோகிராம் போட்டு 192.168.1.20-ஐக் கொடுப்பது இன்னும் நல்லது.

உபுண்டுவில் வெறும் பேழை வராததற்குக் காரணம் விகுதி. சிஸ்டம்டி-ரிசால்வ்டு புள்ளி இல்லாத பெயரை அப்படியே டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பாது. தேடல் டொமைன் என்று ஒன்று கொடுத்திருந்தால் அதை ஒட்டித்தான் கேட்கும். டிஎச்சிபி அதைச் சொல்ல முடியும், ஆப்ஷன் 15 என்பார்கள், ஆனால் நிறுவனங்கள் கொடுக்கும் பெட்டிகள் பலவற்றில் அதை எழுத இடமே இருக்காது. உபுண்டுவின் நெட்வொர்க் இணைப்பில் தேடல் டொமைனாக லேன் என்று நீங்களே கொடுத்துவிடுங்கள், என்எம்சிஎல்ஐ கமாண்டில் அதற்குப் பெயர் ஐபிவி4.டிஎன்எஸ்-சர்ச். ஒரு மெஷினுக்காக டிஎச்சிபியை முழுக்கப் பைக்கு மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. தந்திமரம் அண்ணன் வேறு மாதிரி சொல்லக்கூடும்.


தந்திமரம் எழுதியது:

இல்லை, நானும் அதே கட்சிதான். டிஎச்சிபி பையில் இருந்து பை படுத்தால் புதிதாகச் சேரும் சாதனத்துக்கு முகவரியே கிடைக்காது, அப்போது உள்ளே போய்ச் சரிசெய்யக்கூட வழி இருக்காது.


சுக்குக்காப்பி எழுதியது:

டிவி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். சில டிவிகளும் டிவியில் செருகும் குச்சிகளும் நீங்கள் டிஎச்சிபியில் என்ன கொடுத்தாலும் தங்களுக்குள் எழுதி வைத்த 8.8.8.8-இடம்தான் கேட்கும். அதற்குப் பெயர் தெரியவில்லை என்று மறுபடி முதலிலிருந்து தொடங்காதீர்கள். படம் ஓடும் ஆப்பில் 192.168.1.20 என்று ஒரு தடவை எழுதினால் போதும், ரிசர்வ் செய்து வைத்திருக்கும் வரை அது மாறாது.


மாடிப்படி எழுதியது:

டைம் சர்வரை பேழைக்கு மாற்றி, பையின் பிளக்கை வேண்டுமென்றே பிடுங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுப் பார்த்தேன். எழுந்த ஒரு நிமிஷத்துக்குள் எல்லாப் பெயரும் வந்துவிட்டது. உபுண்டுவில் தேடல் டொமைனும் கொடுத்தாயிற்று, வெறும் பேழை திறக்கிறது. காப்பி சார் சொன்னபடியே டிவி பெயரைக் கேட்கவில்லை, ஐபி போட்டுவிட்டேன். அப்பா படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லோருக்கும் நன்றி.